வண்டி இழுக்க ஆள்

அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு கிரேஸ் நிமிர்ந்தபோது, காலனி முனையில் இரும்புச் சக்கரம் கரகரக்கும் சத்தம் கேட்டது. அவள் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான். இந்தப் பக்கம் மட்டும் அது வந்ததே இல்லை.

கோயிலின் சவ வண்டி ஊர்த்தெருக்காரர்களுக்கு. அதை இத்தனை காலமும் இழுத்தவர் காலனி ஆரோக்கியதாஸ், செத்துப்போன அவள் அப்பா. இழுக்கிறவர் செருப்புப் போடக்கூடாது என்பது வழக்கம். காலனிப் பிணங்கள் மூங்கில் பாடையில் போயின. ஒரே பீடம், ஒரே நற்கருணை, செத்தால் மட்டும் ரெண்டு ஜாதி. என்ன வேதமோ!

"நான் செத்தா அந்த வண்டியிலதான் போவணும் சாமி," என்று பங்குச் சாமியாரிடம் அப்பா போன மாதம் கேட்டிருந்தார். சாமியாரும் ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்: வண்டி வந்தால் எல்லாருக்கும் வரும், இல்லையென்றால் யாருக்கும் வராது. அடுத்த வாரம் ஊர்த்தெருவில் பாதிப் பேர் பூசைக்கே வரவில்லை.

இப்போது அங்கியெல்லாம் புழுதியாகச் சாமியாரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கூடவே வண்டிக் கொட்டகைச் சாவி வைத்திருக்கும் ஊர்த்தெரு மார்ட்டின். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கள்ளக்குறிச்சியில் வாங்கிய பெட்டியில் அப்பாவைக் கிடத்தி வண்டியில் ஏற்றினார்கள். தம்பி ஜான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியைப் பிடிக்கப் போனான்.

"வுடுறா," என்றாள் கிரேஸ்.

"இன்னாக்கா? அப்பறம் யாரு இழுக்கறது?"

"அவங்க சாவுக்கெல்லாம் அப்பா இழுத்தாரு. அப்பாவயும் நாமளே இழுத்துக்கினு போனா, வண்டி வந்து இன்னாடா பிரயோஜனம்?"

சாமியார் கைப்பிடிக்குக் குனிந்தார்.

"நீங்க வேணாம் சாமி. நீங்க மாத்தலாகிப் போயிடுவீங்க."

அவர் நிமிர்ந்து மார்ட்டினைப் பார்த்தார். அதட்டவில்லை, வசனம் சொல்லவில்லை. பார்த்தபடியே நின்றார். வெயில் ஏறியது. அப்பாவை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துவிட்டோமே என்று கிரேஸுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அவள் வழிவிடவில்லை.

"எங்கப்பாவ இவருதான் கொண்டும்போனாரு," என்றார் மார்ட்டின், தரையைப் பார்த்து.

சக்கரம் கரகரத்தது.

"முனையில மேடுங்க. பாத்துப் போங்க," என்றாள் கிரேஸ்.

அவள் பின்னால் நடந்தாள். வாசலில் ஜானின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் மார்ட்டினின் தோல் செருப்பு கிடந்தது.