திரைக்குள் இருந்த ராதை

சக்கர நாற்காலி அருங்காட்சியக வாசற்படியில் முட்டி நின்றது.

"தூக்குடி, உங்கம்மா என்ன அரிசி மூட்டையா?" என்று அம்மாவின் தோழி தம்பக் அத்தை அதட்டினாள். சனாரை நாற்காலியைப் பின்னால் சாய்த்து ஏற்றினாள்.

"அரிசி மூட்டைன்னா நீ இந்நேரம் தூக்கிட்டு ஓடியிருப்ப" என்றாள் நாற்காலியில் இருந்த குஞ்சேஸ்வரி. மூச்சு வாங்கியது, வாய் மட்டும் அடங்கவில்லை.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்து ஒன்பது நாளாகியிருந்தது. சனாரை 'இமா' என்று அழைக்கும் அம்மா அன்று காலை கண் விழித்ததும் கஞ்சி கேட்கவில்லை. "காங்லா கோட்டைக்குக் கூட்டிப் போ. தம்பக்கையும் வரச் சொல்லு. தனியாவா சண்ட போட முடியும்?" என்றாள்.

கோட்டைக்குள் இருந்த அந்தக் கூடத்தில், அரசர்களின் வாள்களையும் சேணங்களையும் தாண்டி, கடைசிச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. அரண்மனைக் கோயிலில் ராசலீலை. மகாராணியின் முன்னால் ராதை ஆடுகிறாள். முகத்தின் மேல் மெல்லிய திரை. கீழே, 'ராதை: பெயர் தெரியவில்லை.'

அந்த ராசலீலை நடந்த வருடம், முதல் நாள் குஞ்சேஸ்வரி ராதையாக ஆடினாள், மறுநாள் தம்பக். படம் எந்த நாளில் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக இருவரும் இங்கே வந்து "நான்தான்" என்று மல்லுக்கு நிற்பார்கள். பிறகு ஒரு மாதம் பேச்சு வார்த்தை இருக்காது.

இமா வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"இது நீதான்டி, தம்பக்."

"என்னது?"

"கழுத்தப் பாரு, நிமிர்ந்திருக்கு. நான் அன்னிக்கு பயத்துல குனிஞ்சுல்ல ஆடினேன்."

தம்பக் அத்தையின் முகம் சிவந்தது. "விட்டுக் குடுக்கறியாக்கும்! உன்ன யாரு கேட்டா? அது நீதான்!"

"நீதான்டி!"

"நீதான், கெழவி!"

காவலாளி ஓடிவந்தார். "போன வருஷம் வேற மாதிரில்ல கத்தினீங்க?" என்று தலையைச் சொறிந்தார். பின்னாலேயே வந்த இளம் அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரெண்டு பேர் பேரையும் எழுதிடட்டுமா, பாட்டி?" என்று கேட்டாள்.

இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "யார் பேரு முதல்ல?"

இமா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சனாரை அம்மாவின் பொக்கைவாய்ச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

திரும்பும்போது ஆட்டோவில் இமா தோழியின் தோளில் சாய்ந்துகொண்டாள். பாதி வழியில் தம்பக் அத்தை, "மெதுவா ஓட்டுப்பா, அவசரமில்ல" என்று மட்டும் சொன்னாள். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் சனாரைக்குப் புரிந்தது.

மதியம் இமாவைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனமிட்டு, வெள்ளைச் சால்வை போர்த்தினார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். முற்றத்தில் பெண்கள் அழுதார்கள். நடுவில் யாரோ அந்த "யார் பேரு முதல்ல" கதையைச் சொல்ல, அழுகையோடே சிரித்தார்கள்.

தம்பக் அத்தை எழுந்து கொடிக்குப் போனாள். இமா நேற்று இடுப்பில் சுற்றியிருந்த கோடு போட்ட பனேக் துணி அதில் தொங்கியது. ஈரம் போய்விட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, ஈரமான பக்கம் வெயிலில் படும்படி அதைத் திருப்பிப் போட்டாள்.