கன்ட்ரோல் தட்டு ஏன் சிவந்தது

அடுத்தவர் குடலைப் பற்றிப் படிக்கிறேன் என்று தன் குடலைக் காயப்போட்டு ஐந்து வருஷம் உழைத்தவளை ஆராய்ச்சிக்காரி என்பதா, அசடு என்பதா? அவள் அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "குடல் செல்லுக்கு வயசு வந்துச்சான்னு பாத்துக்கிட்டே உனக்கு வயசு போகுதுடி" என்பாள்.

விஷயம் இவ்வளவுதான். குடலின் உட்சுவரில் இருக்கும் இளஞ்செல்கள் லேசில் வேலைக்கு வராது. ஸ்டீராய்டு ஹார்மோன் வந்து தட்டி எழுப்பினால்தான் சுறுசுறுப்பாக முதிர்ந்து, செரிமான நொதிகளைச் சுரக்கும். இதைத்தான் அவள் நிரூபிக்க வேண்டும். பாதித் தட்டுகளில் வளர்ந்த செல்களுக்கு ஹார்மோன் கொடுத்தாள். மீதி, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கன்ட்ரோல் தட்டுகள். அவற்றுக்கு வெறும் ஊட்டநீர். சாயம் ஊற்றினால் முதிர்ந்த செல் சிவக்கும், முதிராதது வெளுத்துக் கிடக்கும். ஹார்மோன் தட்டு சிவந்தது, சரி. கன்ட்ரோல் தட்டும் சேர்ந்து சிவந்து தொலைத்தது!

இத்தனைக்கும் கன்ட்ரோல் தட்டுகளுக்கு ஊட்டநீர் மாற்றுவது சாட்சாத் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரே. மாணவர்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "உங்க கையில விட்டா ஹார்மோன் அங்க இங்க தெறிக்கும். கன்ட்ரோல் என் பொறுப்பு" என்பார். கையுறை போட மாட்டார். அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. அவர் உள்ளங்கையில் ஆல்கஹால் தெளித்துத் தேய்த்துக்கொண்டால் கிருமி செத்தது, அவ்வளவுதான்.

"சார், கன்ட்ரோல் ஏன் சிவக்குது?"

"உன் ஹார்மோனுக்கு அங்க வேலையே இல்ல, அதான். செல் தானா வளருது. நீதான் அஞ்சு வருஷத்தை வீணாக்கிட்ட."

மாதக் கடைசியில் ஆய்வுக் குழு கூடும். அதற்குள் கன்ட்ரோல் வெளுக்காவிட்டால் பட்டம் கிடையாது, பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

நடுவில் பேராசிரியர் ஏதோ மாநாட்டுக்குப் போனார். அந்த வாரம் அவளே கையுறை போட்டு ஊட்டநீர் மாற்றினாள். கன்ட்ரோல் தட்டுகள் சமர்த்தாக வெளுத்துக் கிடந்தன. திரும்பி வந்தவர், "பட்டினி போட்டிருப்ப" என்று பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார். அவர் கைபட்ட அடுத்த தட்டு மறுபடி சிவந்தது.

அப்புறம்தான் அவள் தட்டை விட்டுவிட்டு மனிதரைக் கவனித்தாள். கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடி முன் ஐயா நின்றார். பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தார். பிதுக்கினார். கன்னம், நெற்றி, மூக்கு ஒன்று விடாமல் பூசினார். மீதியை விரல்களில் தேய்த்துக்கொண்டார். ஆல்கஹால் தெளித்தார். நேரே போய் கன்ட்ரோல் தட்டைத் திறந்து, ஊட்டநீர் விடும் பைப்பெட்டின் முனையை வெறும் விரலால் பிடித்து மாட்டினார்.

ட்யூப் தொட்டி விளிம்பிலேயே இருந்தது. 'ஏழே நாளில் பளிச்' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே எறும்பு சைஸில் ஒரு ஸ்டீராய்டின் பெயர். அடப்பாவி மனுஷா! ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், ஸ்டீராய்டை என்ன செய்யும்? செல்லுக்குத் துளியில் துளி போதுமே.

அவளுக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஸ்டீராய்டு பூசிப் பூசித் தோல் மெலிந்து சிவந்துபோன அந்தக் கன்னத்தைத் தினம் பார்த்தவள்தானே அவளும்! ஸ்டீராய்டில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

ஆய்வுக் குழுவின் முன் நான்கு படங்களைத் திரையில் காட்டினாள். அவள் பார்த்துக்கொண்ட கன்ட்ரோல், வெளுப்பு. ஹார்மோன் தட்டு, சிவப்பு. சார் பார்த்துக்கொண்ட கன்ட்ரோல், சிவப்பு. நான்காவது, செக்கச்செவேல்.

"இதுல என்ன போட்ட?" என்று கேட்டார் குழுவின் தலைவி.

"முகத்துக்குப் போடுற க்ரீம் மேடம். கடுகளவு."

"யாரு போடுற க்ரீம்?"

பேராசிரியரின் கை தானாகவே அவர் கன்னத்துக்குப் போயிருந்தது.

"அது... அதுல அப்படி ஒண்ணும் இருக்காதே" என்று அவர் இழுத்தார்.

"நல்லா வேலை செய்யுது சார்" என்றாள் அவள், ஐந்து வருஷப் பணிவோடு. "உங்க முகத்துலதான் பலனைக் காணோம்."

தலைவி சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். "பட்டம் குடுத்துடலாம். சாருக்கு ஒரு ஜோடி கையுறை குடுங்க."