புகைபோக்கியின் வளைவு

அந்த ஐம்பத்து நாலாம் வருஷத் தீபாவளிக்குக் கொத்தனார்கள் எல்லாரும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். நானுஓயா மேட்டில் முக்கால்வாசி எழும்பிய வீட்டில் நான் மட்டும் இருந்தேன். வரைபடம் என்னுடையது, வீடு கடைக்காரர் நூர்தீனுடையது. பண்டிகைக்குப் போக எனக்கு ஓரிடமும் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் பூச்சுக் கரண்டியை எடுத்தேன். கட்டடக்கலை படித்தவன்தான், ஆனால் அன்றுவரை ஒரு செங்கல்லைக்கூட வைத்ததில்லை. அடுப்படிப் புகைபோக்கியின் உட்புறம் பூசாமல் கிடந்தது. கையை நுழைத்தேன். அழகுக்காக நான் போட்ட வளைவில் முழங்கை மாட்டிக்கொண்டது.

காகிதத்தில் முழங்கை ஏது? எந்த முட்டாள் வரைந்தது என்று திட்ட வாயெடுத்தேன். பூச முடியாத அந்த இடத்தில் கரி அடையும், புகை அடுப்படிக்கே திரும்பும். வளைவை உடைத்தேன். கை தாராளமாகப் போய்வரும்படி நேராகக் கட்டிப் பூசினேன். பிறகு வரைபடத்தைத் திருத்தினேன். சுண்ணாம்பு விரல்களை அரித்தது.

கொத்தனார்கள் திரும்புவதற்கு முந்தின மாலை விறகு மூட்டிப் பார்த்தேன். துளிப் புகை உள்ளே வரவில்லை. அத்தனையும் மேலே போய் மூடுபனியில் கலந்தது. "பாத்தீங்களா!" என்று திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே பாதையில் கொழுந்துக் கூடையோடு போன பெண் ஒருத்தி புகையைக் கண்டு நின்றாள்.

"வீட்டுக்கு ஆளுங்க வந்துட்டாங்களா?" என்று உரக்கக் கேட்டாள்.

அடுப்பின் முன் குளிர்காய்ந்தபடியே பதில் சொன்னேன்.

"இன்னும் யாரும் வரலைங்க."