ஏழாவது மெஷின்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் தங்கச்சிக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள் என்று வீட்டில் எல்லோரும் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அவள் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட நான் ஒருத்திதான். அதற்கு அரைநாள் லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"பத்து மணிக்குத்தானே கூட்டமே வரும்? புது மெஷினுக்கெல்லாம் யாரு அட்ரஸ் போடுவா?"

நாங்கள் இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கிறோம். கூட்டம் ஏறினால் கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளில், பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் புதிதாக எழும்பும். எழும்பி ஊமையாக நிற்கும். மேனேஜரின் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் முகவரியை நான் கையால் அடித்துக் கொடுத்தால்தான் வாய் திறக்கும். இரண்டு வருஷமாக இதே பிழைப்பு. கண்விழித்ததும் முகவரியைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ள மெஷினால் முடியும். கேட்கவிடாமல் வாயைக் கட்டி வைத்தவர் இந்த மனுஷன்தான். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே பட்டியலார்.

வந்த கோபத்தில் மூன்றே நாளில் ஒரு ஸ்கிரிப்ட், சின்னப் புரோகிராம், எழுதினேன். மெஷின் எழும்பும்போதே அது ஓடும். முகவரி, பெயர் எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்திவிடும். இருபது தடவை அணைத்து எழுப்பிக் காட்டினேன்.

"லீவு எடுத்துக்கோ. ஆனா ஒரு மெஷின் எழும்பலேன்னாலும் வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம்" என்றார்.

"சரி சார்" என்றேன். பொய் சொல்வானேன், வேறு வேலை எதுவும் கைவசம் இல்லை.

வியாழக்கிழமை பத்து ஐந்துக்கு, பதிவாளரின் மேஜை முன்னால் நிற்கும்போது போன் அடித்தது.

"ஏழாவது எழும்பல! நான் அப்பவே சொன்னேன்ல? உடனே கிளம்பி வா."

தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள்.

"சார், ஏழாவதுல நீங்க கை வெச்சீங்களா?"

"ஒரு மெஷினாவது நம்ம பிடியில இருக்கட்டுமேன்னு... பட்டியல்லேர்ந்து நானே முகவரி போட்டேன்."

"அந்த முகவரியை மூணாவதோ நாலாவதோ ஏற்கெனவே வாங்கியிருக்கும் சார். இப்ப ரெண்டும் அடிச்சுக்குது. நீங்க போட்டதை அழிச்சிட்டு, அணைச்சு எழுப்புங்க."

"அதெல்லாம் நீ வந்து பண்ணு. இல்லேன்னா வேலை..."

"வரமாட்டேன் சார்." போனை அணைத்தேன்.

"அக்கா, உனக்கு வேலை போயிடும்" என்றாள் தங்கச்சி.

"போனா போகட்டும்டி."

பதிவாளர் நிமிராமலே கேட்டார்: "பொண்ணு வீட்டுல யாரும் வரலையா?"

"நான் வந்திருக்கேனே" என்றேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அடுத்த தாளிலும் பதியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

படியிறங்கி வந்து போனைத் திறந்தால் ஒரே ஒரு செய்தி: "ஏழு எழும்பிடுச்சு. நாளைக்கு ஒன்பதுக்கு வந்துடு."

நின்ற இடத்திலேயே பதில் அடித்தேன்: "வரேன் சார். அதுக்குள்ள அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போட்டிருங்க."