வெந்நீர்த் தொட்டியில் ஊர்ந்த நத்தை

பவளக் கன்றுகளைக் கடலுக்கு அனுப்பும் நாளன்று ஆய்வுக்கூடம் கல்யாண வீடு போலக் களைகட்டியிருந்தது. துறையில் படகு காத்திருந்தது. புதுச்சட்டை அணிந்து அதனருகே நின்ற இயக்குநர், கைப்பேசியில் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். கடலடியில் கன்றுகளை ஊன்ற வேண்டிய முக்குளிப்பவன் கூடைகளோடு உள்ளுக்கும் வெளிக்குமாக அலைந்தான். நீண்ட கழுத்தும் கறுத்த மேனியும் வாய்த்த அவனை எல்லாரும் நீர்க்காக்கை என்றே அழைத்தனர். அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

"அக்கா, மாமியார் வீட்டுலேர்ந்து பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போக வண்டி வந்தாச்சு. இன்னும் என்ன சீவிச் சிங்காரிச்சுட்டு இருக்கே?"

"வாயை மூடிட்டுக் கூடையைப் பிடிடா. ஒரு கன்னு ஒடிஞ்சாலும் உன்னைத்தான் உள்ளே போட்டுக் கொதிக்க வைப்பேன்."

"என்னை வேக வைக்க இந்தத் தொட்டி பத்தாது. மாமாகிட்ட சொல்லிப் பெருசா ஒண்ணு கட்டச் சொல்லு!"

மாமியார் வீடு என்று அவன் சொன்னது கடலை. அங்கே போகுமுன் கன்றுகள் கடந்துவர வேண்டியது வெந்நீர்த் தொட்டி. கடல் ஆண்டுக்காண்டு சூடேறி வருகிறது. சூடு மிகுந்தால், பவளங்கள் தம்முள் குடியிருந்து தமக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு, எலும்பாய் வெளுத்துச் சாகின்றன. அந்தச் சூட்டையும் தாங்கும் சில எங்கேனும் இருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றிலிருந்தே இனம் பெருக்கினால் மாண்டுபோன திட்டுகள் மீண்டும் தழைக்கும். தாங்குவது எது, தாங்காதது எது என்று அறிய ஒரே வழிதான் உண்டு. கண்ணுக்குள் வைத்து வளர்த்த கன்றுகளை வேண்டுமென்றே சூட்டில் வாட்ட வேண்டும். அதைத் தொழிலாகக் கொண்ட இந்த அக்காவைப் பவளக்காரி என்று அழைத்தனர்.

சென்ற ஆண்டு தொட்டியில் இட்டவை அனைத்தும் மாண்டன. அதன் பிறகு நெடுநாள் அவள் சரியாக உண்ணவில்லை. யார் என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள். இவ்வாண்டோ நிலைமை தலைகீழாயிற்று. கன்றுகள் சற்றே வெளிறின, பிறகு தேறின. ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. அன்று அவள் கணவனின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவர் அதே ஆய்வுக்கூடத்தில் ஹீட்டர்களையும் பம்புகளையும் பராமரிப்பவர். "அதான் சொன்னேனே, உன் கை ராசியான கை" என்று சொல்லி அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டார்.

பிழைத்தவை பலவாகவே இடம் போதவில்லை. அவள் விரைந்து வளர்ந்தவற்றை வைத்துக்கொண்டு, மந்தமாக வளர்ந்தவற்றைக் கழித்துவிட்டாள்.

இன்று படகில் ஏற்ற இறுதித் தட்டைத் தூக்கியபோதுதான் அதன் அடியில் ஒரு நத்தை ஊர்வதைக் கண்டாள்.

பாசியை மேய்வதற்காகத் தொட்டிகளில் சிறு நத்தைகளை விடுவது வழக்கம். சூடேற்றும் முன் அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிடுவர். அந்தச் சூட்டை அவை தாங்கா. கண்ணுக்குத் தப்பிய ஒன்றிரண்டு, சோதனை முடிந்ததும் வெற்று ஓடுகளாகக் கிடைக்கும். இதுவோ கொம்பை நீட்டிக்கொண்டு ஊர்ந்து சென்றது. பின்னால் யாரேனும் தவறிப் போட்டிருப்பார்களோ என்று எண்ணினாள். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்புறம் முழுவதும் மிளகளவுக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. குடும்பம் நடத்திப் பெருகியிருக்கிறது!

அப்படியானால் இந்த நீர் சுட்டிருக்கவே முடியாது. மண்டியிட்டுத் தெர்மாமீட்டரின் கம்பியைப் பற்றிக்கொண்டே போனாள். அது தொட்டியின் நடுவே தொங்க வேண்டும். கம்பியோ விளிம்பைத் தாண்டி, ஹீட்டர் பொருத்திய பக்க அறைக்குள் இறங்கி, ஹீட்டரை ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. அங்கே மட்டும் நீர் சுடும். அந்தச் சூட்டை நம்பிக் கருவி ஹீட்டரை அணைத்துவிடும். தொட்டி நீரோ ஆறியே கிடக்கும். நாள்தோறும் அவள் சுவரிலுள்ள திரையில் பார்த்தது அந்தப் பக்க அறையின் சூட்டைத்தான்.

கட்டியிருந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுத் துணிக்கொடியிலும் அதே முடிச்சுத்தான்.

பம்புகள் இரைந்துகொண்டிருந்த இயந்திர அறைக்குள் போய், கணவன் எதிரே நின்றாள்.

"என்னங்க, தெர்மாமீட்டரை ஏன் நகத்துனீங்க?"

"எந்தத் தெர்மாமீட்டரை?"

"பொய் சொல்லத் தெரியாத மனுசன்னு உங்களைப் பத்தி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்பவாவது அதைக் காப்பாத்துங்க."

அவர் கையிலிருந்த எண்ணெய்க் கறையை வெகுநேரம் துடைத்தார். கறை போன பின்னும் துடைத்தார்.

"போன வருசம் நீ இருந்த இருப்பு உனக்குத் தெரியாதும்மா. பாத்தவன் நான். இன்னொரு தடவை எல்லாம் செத்துட்டா வேலையையே இழுத்து மூடிருவாங்க. நீ முழுசா உடைஞ்சு போயிருவே. ஒரே ஒரு தடவை நீ ஜெயிக்கட்டுமேன்னு..."

"நடுவுல கொஞ்சம் வெளிறிச்சே, அது எப்படி?"

"கொஞ்சங்கூட வெளிறலேன்னா உனக்குச் சந்தேகம் வந்துரும்ல. அதான், லேசா மட்டும் சூடு ஏத்தினேன்."

இந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. பாசத்தில் ஒருவன் தடுமாறியிருந்தால் மன்னிக்க இயலும். அவள் எங்கே ஐயுறுவாள், எங்கே நம்புவாள் என்பதைத் துல்லியமாக அறிந்து, அதற்கேற்பச் சூட்டை அளந்து ஊற்றியிருக்கிறார். இத்தனை ஆண்டு உடன் வாழ்ந்து அவளைப்பற்றிக் கற்றதையெல்லாம் அவளை ஏய்க்கவே பயன்படுத்தியிருக்கிறார்.

"நான் அழுதப்போ தோள் குடுத்தீங்களே, கூசலையா?"

"நீ சிரிச்சியே. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

"சரி. போன வாரம் மெதுவா வளர்ந்ததையெல்லாம் வழிச்சுப் போட்டேனே, அப்போ வாளியைப் பிடிச்சது யாரு?"

அவர் மூலையில் கிடந்த வாளியைப் பார்த்தார்.

"சூடு தாங்குற ஜாதி பெரும்பாலும் மெதுவாத்தாங்க வளரும். எல்லாமே தாங்கிருச்சுன்னு நம்பித்தான் அதுங்களைத் தூக்கிப் போட்டேன். பக்கத்துலேயே நின்னீங்களே, 'வேணாம்'னு ஒரு வார்த்தை வரலையா உங்க வாயில?"

"அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுதான். எனக்கும் தெரியாது. இனிமே யாருக்குமே தெரியப்போறதில்ல."

அவர் அவள் கையைப் பற்ற முயன்றார். அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

"கடல் கொதிக்கிறப்போ, அங்கேயும் போய்த் தெர்மாமீட்டரை நகத்துவீங்களா?"

துறைக்குச் சென்று, படகில் ஏற்றிய கூடைகளை இறக்கச் சொன்னாள். நீர்க்காக்கை சிரித்தான். "என்னக்கா, கடைசி நேரத்துல பொண்ணைத் தரமாட்டேங்கிறியா?" பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாய் திறவாமல் இறக்கத் தொடங்கினான்.

இயக்குநர் செய்தியைக் கேட்டு விழித்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வந்தது வந்தாச்சு. இப்படியே ஊன்றிட்டு வந்துரலாமே. பிழைச்சா பிழைக்கட்டும். இப்போ யாருக்குத் தெரியப்போகுது?"

"இதுங்க பிள்ளைங்க, அதுங்க பிள்ளைங்கன்னு அந்தத் திட்டு முழுக்க இதே ஜாதிதான் பரவும் சார். பெருசா சூடேறுற வருசத்துல மொத்தமும் ஒண்ணா வெளுத்துரும்."

"சரி, இந்த வேலையைச் செஞ்சது யாரு?"

கணவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது. 'தெரியவில்லை' என்று சொன்னால் போதும். பழி யார்மேலும் விழாமல் காற்றோடு போய்விடும். அவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

இயக்குநர் ஒருமுறை அவரைப் பார்த்தார். பிறகு எவரையும் பாராமல் அலுவலகத்துக்கு நடந்தார். நீர்க்காக்கை கூடையைத் தூக்கிக்கொண்டு, மாமாவின் முகத்தைத் தவிர்த்து விலகிச் சென்றான்.

கன்றுகள் மீண்டும் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கின. அவள் முடிச்சை அவிழ்த்து, தெர்மாமீட்டரைத் தொட்டியின் நடுவே தன் கையாலேயே தொங்கவிட்டாள். நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். ஹீட்டரை மறுபடியும் முடுக்கினாள். கணவர் வாயிலில் நின்று, "நான் ஏதாச்சும் செய்யட்டுமா?" என்றார். "வேணாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

நீர் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகச் சூடேறியது. அவள் பெருமையோடு படமெடுத்து வைத்திருந்த கொழுத்த கன்றுதான் எல்லாவற்றுக்கும் முந்தி வெளுத்தது. அடுத்தடுத்த தட்டுகளிலும் வெண்மை படர்ந்தது. ஏதோ ஒரு மூலையில் நாலைந்து மட்டும் இன்னும் பாசியின் பழுப்பு மாறாமல் இருந்தன. மகிழ்வதற்கு அவளுக்குத் துணிவு வரவில்லை.

சுவர்த் திரையில் எண் சரியாகத்தான் இருந்தது. தெர்மாமீட்டரும் நட்ட நடுவில்தான் தொங்கியது. வெறுங்கையை நீரில் விடலாகாது என்பது அவளே வகுத்த விதி. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டு வரை நீரில் அமிழ்த்தினாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். திரையை மறுபடியும் பார்த்தாள். பிறகு, மீண்டும் கையை உள்ளே விட்டாள்.