வராத வெள்ளத்துக்கு ஊதிய சங்கு

குற்றாலத்தில் பால்வண்ணநாதன் அண்ணாச்சியின் லாட்ஜில், வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஒரு வாரமாகத் தினமும் ஒரு தடவை அலறியது. அருவியிலோ தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. சங்கைக் கேட்டு எண்ணெய்த் தலையோடு ஓடியவர்களில் ஒருவர் வழுக்கிக்கொண்டே தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டார். வழியில் மூன்று இடத்தில் நின்று ஆள் ஏற்றினாராம். அது மிகை, ஒரே இடத்தில்தான் நின்றார்.

சங்கை இயக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதியவள் குத்துக்கல்வலசை சண்முகசுந்தரி. வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சங்கு ஊதி ஓய்ந்ததும், அண்ணாச்சி எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் படிச்ச லெட்சணமாம்மா இது? நாளையிலருந்து நீ வரவேண்டாம்."

எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கியப்பன், "பாதி முதுகோட ஆளு ஓடிட்டாரு. மீதிய எங்கன போயித் தேய்க்க?" என்றான்.

அவளுக்குக் காது சிவந்தது. தன் ஸ்கிரிப்டை ஒன்பது தடவை படித்துவிட்டாள். ஒரு பிழை இல்லை. அதனால்தான் நேற்றே, ஓடும் ஒவ்வொரு ஃபங்ஷனும், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பும், தன் பெயரையும் தான் அழைத்த ஃபங்ஷனின் பெயரையும் எழுதிவைத்துவிட்டுப் போகும்படி செய்திருந்தாள். அந்தப் பதிவைத் திறந்தாள்.

'வெள்ளம் பார்' வந்தது, தண்ணீர் குறைவென்று திரும்பிப் போனது. அடுத்து 'ராகுகாலம்' வந்தது. அது 'சங்கு ஊது'வை அழைத்தது.

அப்படி ஒன்றை அவள் எழுதவே இல்லை. அறை வாடகையை மாற்றிக்கொள்ள அண்ணாச்சியிடம் விட்டிருந்த கோப்பில் அது உட்கார்ந்திருந்தது.

"அண்ணாச்சி, ராகுகாலத்த ஆரு எழுதுனா?"

அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார். "நல்லதுக்குத்தாம்மா. அந்த நேரத்துல ஆரும் அருவிக்குக் கிளம்பக்கூடாதுன்னு ரூம்காரங்க போனுக்கு மெசேஜ் போகட்டுமேன்னு, உன் வெள்ளத்தக் காப்பி பண்ணேன். சங்கும் கூட வந்துட்டு போல."

"திங்கக்கிழமை ஏழரை, செவ்வாக்கிழமை மூணு, சங்கு ஊதுனதெல்லாம் ராகுகாலத்துல! ஒரு வாரமா நான் சோறு தண்ணி இல்லாம தேடுதேன், நீங்க பாத்துக்கிட்டு இருந்திய! எல்லார் முன்னாலயும் திட்டுனியள்லா? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, தப்பு ஆருதுன்னு. மைக் இருக்கு."

"சொல்லுதேன் தாயி. பன்னெண்டு ஆகட்டும். ராகுகாலத்துல சொன்னா வெளங்காது."

"அப்ப என்னைய வரவேண்டாம்னது மட்டும் வெளங்குமாக்கும்?"

இசக்கியப்பன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். "அதயும் பத்து முப்பத்தஞ்சுக்குத்தான சொன்னிய அண்ணாச்சி."

அண்ணாச்சி மைக்கை எடுத்தார்.