ராசம்மாள் என்கிற ராமாயி

...ராமாயி என்றுதானே இருக்கும், வேறு எப்படி இருக்கும், பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் தாயார் பெயர் ராமாயி, காலேஜ் பாரத்தில் ராமாயி, ரேஷன் கார்டில் ராமாயி, தன் கையாலேயே எத்தனை தடவை எழுதியிருக்கிறாள், அப்படியிருந்தும் இரண்டு மாதமாக வக்கீலம்மாவிடம் எங்கம்மா பேரு ராசம்மாள், எங்கம்மா பேரு ராசம்மாள் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாளே, ஒரு தடவைகூட உறைக்கவில்லையே... பூவிழிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் அம்மாவின் ஆதார் கார்டை இரண்டு பக்கமும் எடுத்து, அந்தத் தாளைச் சூட்டோடு கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. வீட்டுப் பேர் ஒன்று, கார்டுப் பேர் ஒன்று என்பது அவர்கள் தெருவில் பாதிப் பேருக்கு உள்ளதுதான், யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை, ஆனால் பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்காரனுக்கு அது தெரியுமா, தெரிந்தால்தான் விடுவானா? டவுன் பஸ் தஞ்சாவூரைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டணமில்லாப் பயணச்சீட்டை நாலாய் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, வெளியே நாற்றங்காலைப் பார்த்தபடி வந்தாள். மணி பதினொன்றரை. பதில் மனு போட இன்றைக்குக் கடைசி நாள், வக்கீலம்மா இரண்டு மணிக்கு ரயில் ஏறுகிறார், அதற்குள் அம்மா கையெழுத்துப் போட்டாக வேண்டும், போடாவிட்டால் ராசம்மா என்ற பெயருக்கான டிரேட்மார்க் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். கைவிடப்பட்டதாகவாம். யார் கைவிட்டது?

ராசம்மா என்பது ஒரு பெட்டி. போர் மோட்டார் கொட்டகையில் மாட்டுவது. மும்முனைக் கரண்ட் எந்த நேரத்துக்கு வரும் என்று யாருக்குத் தெரியும், வந்ததும் அந்தப் பெட்டியே விவசாயிக்குப் போன் போட்டு, அம்மாவின் குரலில், ராசம்மா பேசுறேன், கரண்டு வந்துருச்சு, மோட்டாரப் போடவா என்று கேட்கும், ஒன்றை அமுக்கினால் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். கடைமடைக்காரர்களுக்கு அது போதும், அவர்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் போர்தான். ஐந்து வருஷத்தில் ஆயிரத்து நானூறு கொட்டகையில் ராசம்மா மாட்டியாயிற்று, பூதலூர் வரைக்கும் போயாயிற்று. அந்தக் கம்பெனிக்காரன் போனில் பேசுகிற ஒரு இயந்திரத்துக்கு ராசா என்று பெயர் வைத்தான், ராசா, இன்னைக்கு மழை வருமா என்று கேட்டால் சொல்லுமாம், வைத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இவள் பெயரைப் பதிவு செய்யப் போனதும் முப்பத்தெட்டுப் பக்கத்துக்கு எதிர்மனு வருகிறது, ராசம்மா என்று கேட்டால் பொதுமக்கள் அது ராசாவின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள் என்று மயங்கக்கூடும் என்று. குடும்பமா? அடப்பாவி, எங்கம்மாவை உன் ராசாவுக்குப் பெண்டாட்டியாக்கிவிட்டாயா? அன்றைக்கு இர்பான் பாயும் அவளும் அந்த வரியைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது சிரிப்பு வரவில்லை.

போன் அடித்தது, இர்பான் பாய்தான். கூட்டாளி, அதிராம்பட்டினத்துக்காரர், பதினொரு வருஷம் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்து திரும்பியவர், பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு கம்பியும் அவர் கை பட்டது. “பூவிழி, அவங்க ஆளு திரும்பப் பேசுனாரு. பேர மட்டும் மாத்திக்கங்க, புது ஸ்டிக்கர், புது ரெக்கார்டிங் எல்லாச் செலவும் எங்களுதுங்கறாரு. நான் ஒண்ணும் சொல்லல. உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னுட்டேன்.” சொன்ன தொனியிலேயே தெரிந்தது, அவருக்கு ஒத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது. இருக்காதா, இரண்டு மாதமாகப் பட்டறையில் வேலையே நடக்கவில்லை, டீலர்கள் வழக்கு முடியட்டும் என்கிறார்கள், மகள் ஜஸீலா வேறு இந்த வருஷம் பத்தாவது, மனுஷனுக்கு நிம்மதி வேண்டாமா? ஆனால் அவர் அம்மா பெயர் நூர்ஜஹான், அதை யாராவது மாற்றிக்கொள் என்றால் சும்மா இருப்பாரா? “பாய், கையெழுத்து வாங்கிட்டுப் பேசுறேனே.” “உங்க இஷ்டம்தான் பூவிழி, நான் எப்ப மாட்டேன்னேன்? பெட்டி ஓடுனா சரி, பேருல என்ன இருக்கு.” பேரில் என்ன இருக்கா? அதில் என்ன இருக்கிறது என்று அவரிடம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? அப்பா இராஜாங்கம் இருந்தவரைக்கும் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே ராசம்மா என்றுதான் குரல் கொடுப்பார், அவர் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல வீட்டில் ஆளில்லை, இவள் அம்மா என்பாள், தெருவில் பூவிழி அம்மா என்பார்கள், அந்தப் பெயர் அப்படியே வாயடைத்துப்போய்க் கிடந்தது, அதை எடுத்து ஆயிரத்து நானூறு கொட்டகையில் எழுதி வைத்தாளே, அதைப் போய் ஸ்டிக்கர் என்கிறான்.

சூரக்கோட்டை தாண்டும்போது பின்சீட்டில் ஒரு பெரியவரின் போன் ஸ்பீக்கரிலேயே அலறியது. ராசம்மா பேசுறேன், கரண்டு வந்துருச்சு, மோட்டாரப் போடவா? பூவிழிக்குச் சிலிர்த்தது, எப்போது கேட்டாலும் சிலிர்க்கும், இதோ இந்த பஸ்ஸுக்குள்ளேயே. “இவ ஒருத்தி, நேரங்காலம் தெரியாம” என்று முனகிக்கொண்டே அவர் ஒன்றை அமுக்கினார், பக்கத்து ஆள், எங்க கொட்டாயிலயும் ராசம்மாதான், போன வாரம் டவர் கெடைக்காம கழுத்தறுத்துட்டா சனியன், என்றான், இருவரும் சிரித்தார்கள். பூவிழி அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். வெட்கம், என்று நினைத்துக்கொண்டாள் பூவிழி, பாவம், தன் குரல் என்று சொல்லிக்கொள்ளக்கூட வெட்கம். சொல்லிவிடலாமா அவர்களிடம்? வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது. இப்போது முக்கியம் வேறு. எதிர்த்தரப்புக்காரன் கேட்பானே, ராமாயி எப்போது ராசம்மாள் ஆனாள், வழக்குக்காக வைத்த பெயரா என்று. வக்கீலம்மாவுக்குக் காலையிலேயே போன் பண்ணியாயிற்று, அவர் பதறவில்லை, “ராசம்மாள் என்கிற ராமாயின்னு போட்டுக்கலாம் பூவிழி, பத்திரத்துல எல்லாம் போடுறதுதானே. ஆனா ஏன் ரெண்டு பேருன்னு அம்மாகிட்ட கேட்டு வைங்க” என்றார். கேட்டு வைக்க வேண்டும். முப்பத்தாறு வயதாகிறது, அம்மாவிடம் இதைக் கேட்டதே இல்லையா? இல்லையே.

“யம்மா, கார்டுல ஏன் ராமாயின்னு இருக்கு?” அம்மா வெளியே பார்த்தபடியே சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை போல. “நான் வாக்கப்பட்டு வந்த மறுவாரம் நடவுக்குப் போனேன். கங்காணி பேரென்னன்னாரு. ராசம்மான்னேன். எல்லாப் பொம்பளைங்களும் நாத்த அப்படியே வச்சுட்டு என்னையப் பாத்தாளுவ.” “ஏன்?” “பெரிய வீட்டம்மா பேரு அதுதான். வயல்ல நின்னு அந்தப் பேரச் சொல்லி வாடி போடின்னு கூப்புட முடியுமா? நீ ராமாயின்னுட்டாரு. அன்னைலேருந்து அதுதான். ரேஷன் கார்டு எழுத வந்தவன் நம்ம தெருவுக்கா வந்தான்? பெரிய வீட்டு வாசல்லயே உக்காந்து, கணக்கப்பிள்ளை சொன்னத எழுதிட்டுப் போனான்.” “நீ சொல்லலாமுல்ல, எம் பேரு இது இல்லன்னு?” அம்மா முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள், இது என்ன கேள்வி என்பது போல. “கூலி ராமாயிக்குத்தானே குடுத்தாங்க” என்றாள்.

பூவிழிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில். அன்றைக்கு அந்தப் பெயர் பெரிய வீட்டில் இருக்கிறது என்று பிடுங்கினான், இன்றைக்குப் பெரிய கம்பெனியில் இருக்கிறது என்று பிடுங்குகிறான், இவர்கள் வீட்டில் ஒரு பெயர்கூட இருக்கக்கூடாதா, கொடுக்க மாட்டேன், போடா, முப்பத்தெட்டுப் பக்கம் என்ன, முந்நூறு பக்கம் எழுது, கொடுக்க மாட்டேன். இதை வக்கீலம்மா கட்டாயம் மனுவில் சேர்க்க வேண்டும், நடவு, கங்காணி, கணக்கப்பிள்ளை எல்லாம், படிக்கிறவனுக்கு உறைக்க வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ரோட்டைத் தாண்டி, மாடிப்படி ஏறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, நின்றாள், மணி பன்னிரண்டே முக்கால், யம்மா கொஞ்சம் வேகமா, யாரு என்ன கேட்டாலும் ராசம்மாள்னு சொல்லணும், ராமாயின்னு வாய் தவறி வந்துடக் கூடாது, என்ன? “தெரியும்டி” என்றாள் அம்மா. குரலில் அலுப்பா, எரிச்சலா? படி ஏறிய களைப்பாக இருக்கும்.

வக்கீல் மெஹராஜ் பேகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆதாரைப் பார்த்து, பெயரைத் திருத்தி, பூவிழி கொட்டிய கதையை இரண்டே வரியாகத் தட்டச்சுக்குச் சொல்லி, சூட்டோடு சூடாகத் தாளை எடுத்துக்கொண்டார். பூவிழி மனசுக்குள் கணக்குப் போட்டாள், கையெழுத்துக்கு ஐந்து நிமிஷம், கீழே நோட்டரியிடம் பத்து நிமிஷம், கம்ப்யூட்டரில் ஏற்ற அரை மணி, போதும், போதும். “அம்மா, சட்டப்படி இத நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டணும். காதுல வாங்கிக்கங்க, தப்பா இருந்தா சொல்லுங்க” என்றார் வக்கீலம்மா. அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். ராசம்மாள் என்கிற ராமாயியாகிய நான்... சரி... காலஞ்சென்ற இராஜாங்கத்தின் மனைவி... சரி... பிறந்தது முதல் எனக்கு ராசம்மாள் என்பதே பெயர்... அம்மாவின் தலை மெல்ல அசைந்தது, பூவிழிக்கு மூச்சு சீரானது... மேற்படி கருவிக்கு என் பெயரையும் அதில் ஒலிக்க என் குரலையும் பயன்படுத்த அனுமதிக்குமாறு 2021ஆம் ஆண்டு தை மாதம் என் மகள் என்னிடம் கேட்டதற்கு நான் மனப்பூர்வமாகச் சம்மதித்தேன்...

“எப்பக் கேட்டா?” என்றாள் அம்மா.

வக்கீலம்மா நிமிர்ந்தார். “என்னம்மா?” “எங்கிட்ட கேட்டதா எழுதியிருக்கே. எப்பக் கேட்டா?” சண்டைக்கு வந்த குரல் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். தப்பாக இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள், சொல்கிறாள். பூவிழி வாயைத் திறந்தாள். கேட்டேனே, அந்தத் தை மாதம்... அந்தத் தை மாதம் என்ன நடந்தது? அம்மா அடுப்படியில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள், இவள் போனை முகத்துக்கு நேராக நீட்டி, யம்மா, நான் சொல்றத அப்படியே சொல்லு, சும்மா டெஸ்டுக்குத்தான், என்றாள், எதுக்குடி எம் பேரெல்லாம், என்றாள் அம்மா, சும்மா சொல்லும்மா, நேரமாவுது, என்றாள் இவள். மூன்று தடவை சொல்ல வைத்து, மூன்றாவதை எடுத்துக்கொண்டாள். பிறகு பெட்டி வந்தது, ஸ்டிக்கர் வந்தது, முதல் பெட்டியைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள், பாரு உன் பேரு என்று. அம்மா பார்த்தாள். என்ன சொன்னாள்? நல்லா இருக்கு என்று சொன்னாளா? சொல்லியிருப்பாள்... சொன்னாளா? நினைவில் இல்லை, அன்றைக்கு இர்பான் பாய் வெளியே வண்டியில் காத்திருந்தார், அவசரம். பஸ்ஸில் சனியன் என்றார்களே, அப்போது முந்தானையை இழுத்துக்கொண்டது... அது வெட்கமா?

“அந்த வரிய எடுத்துட முடியுமா மேடம்?” என்று கேட்டது தன் குரல்தானா? “எடுத்தா, உயிரோட இருக்கறவங்க பேர அவங்க சம்மதம் இல்லாம வச்சிருக்கீங்கன்னு அவன் அதையே பிடிச்சுக்குவான். நிக்காது பூவிழி” என்றார் வக்கீலம்மா, கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, “அன்னிக்குக் கேக்கலைன்னா இப்பக் கேளுங்க. தேதிய இன்னிக்குன்னு மாத்திக்கலாம், கொஞ்சம் பலவீனம்தான், பரவாயில்ல” என்றார். இவ்வளவுதானா, கேட்டால் போயிற்று, பெற்ற தாய்தானே, யம்மா உம் பேர வச்சுக்கட்டுமா, ஆறு வார்த்தைகூட இல்லை. பூவிழி அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா கையை மடியில் கோத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி இருந்தாள், அவசரமில்லாமல், கேட்டால் யோசித்துச் சொல்லலாம் என்பது போல. யோசிப்பாளா? யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? கங்காணி கேட்கவில்லை, கணக்கப்பிள்ளை கேட்கவில்லை, கம்பெனிக்காரன் கேட்கவில்லை... வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு இடமிருக்கிறது என்பதே இப்போதுதான் பூவிழிக்குத் தோன்றியது. அம்மா இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.